விசாரிக்க வந்தவர்களை எட்டு நாள் காக்க வைத்தேன்

சென்ற தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, பொங்கல் விடுமுறை நாள். பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு, ஆரப்பாளையத்தில் நான் குடியிருக்கும் வீட்டின் மாடிப்படியில் இரண்டு பேர் ஏறி வந்தார்கள். முன்னால் வந்தவர் ஐம்பதைத் தாண்டிய அம்மாள். பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தவர் அவருடைய அண்ணன். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"டீச்சரம்மா வீடு இதுதானே? மேலூருல வெலங்கியல் எடுக்குற டீச்சர்?"

ஆமாம் என்றேன். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். அந்த அம்மாள் டம்ளரைக் கீழே வைப்பதற்குள் விஷயத்துக்கு வந்துவிட்டார். மகனுக்குப் பெண் பார்த்திருக்கிறார்கள். ஜாதகம் பொருந்திவிட்டது. பையனுக்கும் பிடித்துவிட்டது. பெண் பிளஸ் டூ படித்தது என்னிடம். அதனால் விசாரிக்க வந்திருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்தில் ஜாதகத்துக்குப் பிறகுதான் உண்மையான பரீட்சை தொடங்கும். பெண் வீட்டின் பக்கத்து வீடு, தெருமுனை டீக்கடை, பெண் படித்த பள்ளி என்று ஓரிரண்டு இடங்களில் போய்க் கேட்பார்கள். குடும்பம் எப்படி, குணம் எப்படி? சொல்பவர் ஒரு வார்த்தை இழுத்துச் சொன்னால் போதும், வந்தவர்கள் எழுந்து போய்விடுவார்கள். சொன்னவர் பெயரை வெளியே விடக் கூடாது என்பது வழக்கம். எப்படியும் அது வெளியே வந்துவிடும் என்பதும் வழக்கம்தான்.

பெண்ணின் பெயரைச் சொன்னார்கள். அவள் என் தாய்மாமாவின் பேத்தி.

இந்தக் கேள்வி என்றைக்காவது ஒருநாள் என் வீட்டுக்கு வரும் என்று இருபத்து நான்கு ஆண்டுகளாகக் காத்திருந்தேன். வந்த அன்று நான் முதலில் செய்தது, கடிகாரத்தைப் பார்த்ததுதான். மூன்று பதினேழு.

"நான் அந்த வீட்டுக்குச் சொந்தம். பெண்ணோட தாத்தா எனக்குத் தாய்மாமா. அதைத் தெரிஞ்சுகிட்டுக் கேளுங்க" என்றேன்.

"அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு. உள்ளது உரியது தெரியும்ல" என்றார் அந்த அம்மாள்.

"எனக்கு யோசிச்சுச் சொல்லணும். அடுத்த சனிக்கிழமை இதே நேரம் வாங்க."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யோசித்துச் சொல்ல வேண்டும் என்பதே பாதிப் பதில். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

இருபத்தொரு வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். ஒருநாள்கூட விட்டதில்லை. நடந்ததை நீல மையில் எழுதுவேன். யார் என்ன சொன்னாரோ அதை அவர் சொன்னபடியே எழுதுவேன். என்னுடைய அபிப்பிராயம் ஏதாவது இருந்தால் ஓரத்தில் பென்சிலால் எழுதுவேன். அபிப்பிராயம் மாறும், அழித்துக்கொள்ளலாம். நடந்ததை அழிக்க முடியாது. அவர்கள் போனதும் பீரோவின் கீழ்த்தட்டிலிருந்து இருபத்து நான்கு ஆண்டு பழைய நோட்டை எடுத்து மேசை மேல் வைத்தேன். எனக்கு எல்லாம் நினைவிருந்தது. இருந்தாலும் சரிபார்த்துக்கொள்வது என் பழக்கம்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. விலங்கியலில் முதுகலை முடித்திருந்தேன். கொட்டாம்பட்டிக்கு இந்தப் பக்கம் உள்ள எங்கள் ஊரில் அந்தப் படிப்பைப் படித்த முதல் பெண் நான். மேலூரில் உரக்கடை வைத்திருந்த மாமா, தன் மகனுக்கு என்னைக் கேட்டு வந்தார். முறைமாப்பிள்ளை, கேட்பதற்கு அவருக்கு உரிமை உண்டு. அத்தையும் மாமாவின் பங்காளிகள் இரண்டு பேரும் கூட வந்திருந்தார்கள். அப்பா என்னைப் பார்த்து, "நீயே சொல்லுத்தா" என்றார்.

நான் சொன்னேன். ரத்த சொந்தத்தில் கல்யாணம் செய்தால் மறைந்திருக்கும் குறை இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து பிள்ளையிடம் சேர வாய்ப்பு கூடுதல், நான் படித்தது அதுதான், எனக்கு வேண்டாம். சொன்ன விஷயத்தில் தப்பில்லை. சொன்ன இடமும் சொன்ன தோரணையும் தப்பு. அவருடைய பங்காளிகள் எதிரில், ஒரு மாணவிக்கு விளக்குகிற மாதிரி விளக்கினேன். இதையும் நோட்டில் எழுதியிருக்கிறேன், மையில்.

"எங்க ரத்தத்துல என்னத்தா கொறை?" என்றார் மாமா. சிரித்துக்கொண்டேதான் கேட்டார். கொடுத்த காபியைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுப் போனார்.

நான்கு மாதம் கழித்து மதுரையிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் வங்கியில் வேலை பார்த்தார். பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். பிடித்திருக்கிறது என்று சொல்லியனுப்பினார்கள். பிறகு விசாரிக்க மேலூருக்கு வந்தார்கள். பஸ் ஸ்டாண்டை ஒட்டிய டீக்கடையில் மாமா உட்கார்ந்திருந்தார். அவர் தினமும் அங்கே உட்காருகிறவர்தான். வந்தவர்களுக்கு அவரே டீ வாங்கிக் கொடுத்துச் சொன்ன வார்த்தைகள் இவை. தரகர் எங்கள் வீட்டில் ஒப்பித்ததை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.

"பொண்ணு எந் தங்கச்சி மகதான். தங்கமான புள்ள. ஆனா அவுக அப்பன் கை நீட்டுற ஆளு. அந்த ரத்தம் புள்ளைக்கும் இருக்கும்ல. எதுக்கும் பாத்துக்கங்க."

அப்பா கோபக்காரர்தான். அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் அவருடைய கோபத்துக்கு ஆயுள் பத்து நிமிடம். பம்புசெட் மெக்கானிக்கை அறைந்தார், அடுத்த கால் மணியில் அதே மெக்கானிக்கோடு உட்கார்ந்து வறுத்த நிலக்கடலை தின்றார். கோபம் வந்து போனால் அவருக்குப் பசிக்கும். கை நிறையக் கடலையை அள்ளிக்கொண்டு வாசலில் போய் நிற்பார். தொலியை ஊதும்போது முகம் பழையபடி ஆகிவிடும். என்னையோ அம்மாவையோ தொட்டதில்லை.

தரகர் சொல்லி முடித்ததும் அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராக மேலூர் போனார். அன்றைக்கு மேலூர்ச் சந்தை. உரக்கடை வாசலில் நல்ல கூட்டம். அப்பா பேசவே இல்லை. கடையின் கண்ணாடி அலமாரியைக் கையாலேயே உடைத்தார். மணிக்கட்டு கிழிந்து, அடுக்கியிருந்த மூட்டைகள் மேல் ரத்தம் தெறித்தது. மாமா நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. கூட்டத்தைப் பார்த்து, "பாத்தீகளாப்பா? நான் என்ன பொய்யா சொன்னேன்?" என்று மட்டும் கேட்டாராம்.

தன்னைக் கோபக்காரன் என்று சொன்னதற்குக் கோபப்பட்டு, சொன்னதை ஊர் முன்னால் அப்பாவே நிரூபித்துக் கொடுத்துவிட்டார். அதன் பிறகு மூன்று வரன்கள் வந்தன. மூன்றும் மேலூர் டீக்கடை வரைக்கும் போய்த் திரும்பிவிட்டன. நான்காவதை நானே வேண்டாம் என்றேன். வேலை கிடைத்தது. கல்யாணம் இல்லாமல் இருப்பது எனக்குக் கஷ்டமாக இல்லை. அதற்காக நான் யாரையும் பழிவாங்க நினைத்திருக்க மாட்டேன்.

நான் மறக்காதது வேறு. அன்றைக்குப் பிறகு அப்பா கோபப்படவே இல்லை. பதினோரு ஆண்டுகள். ஆடு நாற்றங்காலை மேய்ந்தபோது ஓட்டிவிட்டார், அவ்வளவுதான். வரப்பை வெட்டிச் சேர்த்துக்கொண்ட பக்கத்துக் காட்டுக்காரனைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார். வாய் வரைக்கும் வந்ததை விழுங்குவது தொண்டையில் தெரியும். தன் கோபம்தான் மகளின் வாசலை அடைத்தது என்று நம்பினார். கடலை தின்பதையும் விட்டுவிட்டார். ரத்தத்தில் வந்தது என்று ஊர் சொன்ன ஒன்றை ஒரு மனிதர் ஒரே நாளில் நிறுத்தினார், அதற்கு விலையாக மற்ற எல்லாவற்றையும் நிறுத்தினார். இறக்கும்போது எங்கள் வீட்டில் இருந்தது அப்பா இல்லை; அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டிருந்த யாரோ ஒருவர்.

ஆகவே அந்த எட்டு நாட்களை நான் அனுபவித்தேன்.

என்னைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் ஒளிவுமறைவு தெரியாதவர்கள். "டீச்சர் அடுத்த சனிக்கிழமை வரச் சொல்லியிருக்காக" என்று மறுநாளே பெண் வீட்டில் சொல்லிவிட்டார்கள். எந்த டீச்சர் என்று கேட்க அந்த வீட்டில் யாருக்கும் அவசியம் இருந்திருக்காது. நான் வழக்கம்போல் எழுந்தேன், இரண்டு பஸ் மாறி மேலூர் போனேன், வகுப்பு எடுத்தேன், பஸ் ஸ்டாண்டில் மாமாவின் டீக்கடை எதிரில் நின்று திரும்பினேன். திங்கட்கிழமை அவர் அங்கே உட்கார்ந்திருந்தார். செவ்வாய்க்கிழமை அவருடைய நாற்காலி காலியாக இருந்தது. பென்சிலால் எழுதினேன்: நல்லது.

சொல்வதற்கு என்னிடம் பொருளும் இருந்தது, பொய் சொல்லத் தேவையே இல்லை. அந்தப் பெண் பிளஸ் டூ படிக்கும்போது, ஆய்வுக்கூடத்தில், இருபத்தாறு பிள்ளைகள் பார்க்க, இன்னொரு பெண்ணைக் கன்னத்தில் அறைந்தாள். தேதி, நேரம், அறைந்த கை இடது கை என்பது வரை என் நோட்டில் இருக்கிறது. கை நீட்டுகிற பெண். மூன்று சொல். வந்த அம்மாளிடம் இந்த மூன்று சொல்லை இழுத்துச் சொன்னால் போதும்.

அதே பெண்ணைப் பற்றி இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதை விட்டுவிட்டுப் படிக்க எனக்கு வரவில்லை. மரபியல் பாடம் நடத்திய நாள் அது. பட்டாணிச் செடியில் நெட்டை, குட்டை என்பதை ஒரு மரபணு முடிவு செய்கிறது என்று சொல்லிக்கொடுத்ததும், பிள்ளைகள் உலகத்தில் எல்லாமே அப்படித்தான் என்று நினைத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு வருடமும் அதை உடைப்பதற்கு ஒரு வகுப்பு ஒதுக்குவேன். அன்று அவள் மூன்றாவது பெஞ்சிலிருந்து எழுந்தாள்.

"டீச்சர், கோவம் ரத்தத்துலயே வரும்னு எங்க தாத்தா சொல்லுவாரு. நெசமா?"

அவளுக்குத் தெரிந்து கேட்டாளா, தெரியாமல் கேட்டாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என் பதிலை அன்று மாலை எழுதி வைத்தேன். குணத்தில் பரம்பரைக்குப் பங்கு இருக்கிறது. இல்லை என்று சொன்னால் அது பொய். இரட்டையர்களை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் அதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் கோபத்துக்கு என்று ஒரு மரபணு கிடையாது. எத்தனையோ மரபணுக்கள், ஒவ்வொன்றும் துளித்துளியாக ஒரு பக்கம் தள்ளும். வளர்ந்த வீடு, பட்ட அடி, கூட இருந்தவர்கள் எல்லாம் சேர்ந்து இன்னொரு பக்கம் இழுக்கும். அப்பனைப் பார்த்து மகளைச் சொல்வது, ஒரு மேகத்தைப் பார்த்து எந்தத் தெருவில் எத்தனை சொட்டு விழும் என்று சொல்வது மாதிரி.

"அப்ப எங்க தாத்தா சொன்னது தப்பா டீச்சர்?"

"தப்பு" என்றேன். வகுப்பில் அந்தச் சொல்லை அவ்வளவு சத்தமாக நான் சொன்னதில்லை.

அவள் அறைந்தது அதற்கு இரண்டு வாரம் கழித்து. அறை வாங்கியவள், அரசு விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு பிள்ளையின் ரெக்கார்டு நோட்டைக் கிழித்துச் சன்னலுக்கு வெளியே எறிந்திருந்தாள். நான் இருவரையும் வராந்தாவில் நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் கழித்துப் போனேன். இரண்டு பேரும் ஒரே கடலை மிட்டாயை உடைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள்.

அன்று ஓரத்தில் பென்சிலால் எழுதியது ஒரு வரி: அப்படியே அப்பா. எழுதிவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் அம்மா வழி. என் அப்பாவின் ரத்தம் ஒரு சொட்டுக்கூட அவளுக்குக் கிடையாது.

புதன்கிழமை மாமாவின் மகன், பெண்ணின் தகப்பன், பள்ளிக்கூட வாசலில் நின்றான். ஒரு காலத்தில் எனக்கு முறைமாப்பிள்ளை. இப்போது தலை நரைத்து, ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, பார்க்கப் பாவமாக இருந்தான்.

"ஒன்னயத் தொந்தரவு பண்ண வரல. நீ என்ன சொன்னாலும் நான் கேக்க மாட்டேன். ஆனா அப்பா ரெண்டு நாளாச் சாப்புடல."

"டாக்டரப் பாக்கச் சொல்லு."

"அதுக்குத்தான் ஒங்கிட்ட வந்தேன்" என்றான். சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. அவனும் சிரித்தான். அந்த ஒரு நிமிடம் மட்டும், இவனைக் கட்டியிருந்தாலும் மோசமாக இருந்திருக்காது என்று தோன்றியது. இதைப் பென்சிலால் எழுதி, பிறகு அழித்துவிட்டேன்.

வியாழக்கிழமை மாலை ஐந்து நாற்பதுக்கு மாமாவே வந்தார். எழுபத்தெட்டு வயது. அம்மா இறந்த அன்று பிறந்த வீட்டுக் கோடித் துணியைப் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போனவர். இப்போது மாடிப்படியைக் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறி, நான் சொல்லாமலே உட்கார்ந்தார்.

"தண்ணி குடுப்பியா? இல்ல, அதுக்கும் சனிக்கெழம வரணுமா?"

கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைத் துடைத்து வைத்தார்.

"என்ன சொல்லப் போற?"

"நீங்க அன்னைக்கு டீக்கடையில சொன்னதையே மாத்திப் போட்டுச் சொன்னாப் போதும்ல மாமா? தாத்தா இப்படி, அந்த ரத்தம் புள்ளைக்கும் இருக்கும்ல, எதுக்கும் பாத்துக்கங்க."

"மொதல்ல ரத்தம் பாத்தவ நீதாத்தா. வீடு தேடி வந்தவனப் பங்காளிக முன்னாடி உக்கார வச்சு, ஒங்க ரத்தம் ஆகாதுன்ன. நானும் ரத்தம் பாத்துத்தான் சொன்னேன். நீ சொன்னா படிப்பு, நான் சொன்னா மட்டும் பாவமா?"

அந்தக் கேள்வி என்னை ஒரு கணம் நிறுத்தியது. அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

"நான் ஒங்க மொகத்துக்கு நேரா சொன்னேன். நீங்க எங்க முதுகுக்குப் பின்னாடி சொன்னீங்க. ஒங்களுக்கு வேற பொண்ணு கெடச்சுருச்சு. எங்கப்பாவுக்கு என்ன கெடச்சுச்சு? பதினோரு வருசம் வாயத் தொறக்காமச் செத்தாரு மாமா. அவர் கோவப்பட்டு நான் பாக்கவே இல்ல. அது ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா டீக்கடையில உக்காந்திருந்தீங்க?"

கீழே தெருவில் பாத்திரக்காரன் கத்திக்கொண்டு போனான். அந்தச் சத்தம் ஓயும்வரை மாமா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். எதிர்பார்த்தது என் தப்பு.

"என்னயச் சொல்லு" என்றார் கடைசியில். "எம்புட்டு வேணாலும் சொல்லு. அந்தப் புள்ளைய விட்டுரு."

"இத எழுதிக்கிறவா?"

"எழுதிக்க. நீ எழுதாம எங்க விடப் போற?"

அவர் கண் முன்னால் நோட்டைத் திறந்து, நேரம் போட்டு, அவர் சொன்னதை அப்படியே எழுதினேன். மை காய்ந்ததும் நோட்டை மூடினேன். பிறகு அவர் எழுந்து போனார். படியில் துணைக்கு நான் போகவில்லை.

அம்மா உயிரோடு இருந்தபோது, நான் நோட்டு எழுதுவதைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்று சொல்வாள். மாமாவிடமும் இப்படி ஒரு நோட்டு இருந்ததாம். எந்த வீட்டுத் துக்கத்துக்கு எந்த வீட்டிலிருந்து ஆள் வரவில்லை, எந்தப் பந்தியில் தன்னை யார் கவனிக்காமல் போனார்கள் என்று வருடக்கணக்காக எழுதி வைத்திருந்தாராம். நான் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை. அன்று இரவு ஏனோ நினைவுக்கு வந்தது.

சனிக்கிழமை மூன்று மணிக்கே அவர்கள் வந்துவிட்டார்கள். அந்த அம்மாள் பெரிதாக மூச்சு விட்டு உட்கார்ந்தார். எட்டு நாள் அவருக்கும் சுமைதான்.

"பெண்ணைப் பத்தி முதல்ல சொல்றேன்" என்றேன். "கோபம் வரும். ஒரு தடவை கை நீட்டியிருக்கா. நான் பார்த்தேன்." அண்ணன்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எதற்காக அறைந்தாள் என்பதையும், பத்து நிமிடம் கழித்து வராந்தாவில் நான் கண்டதையும் சொன்னேன். "வந்தது தெரியும், போனதும் தெரியும். உள்ளே ஒண்ணும் வச்சுக்க மாட்டா."

"அய்ய, அம்புட்டுத்தானா?" என்றார் அந்த அம்மாள். "எம் மகனுக்குக் கோவம் வந்தா மூணு நாளைக்குப் பேச மாட்டான் டீச்சர். சோத்தத் தள்ளிவிட்டாத் தின்னுட்டுப் போவான். வீட்டுக்குள்ள ஒருத்தராவது சத்தம் போடணும்ல."

"குடும்பம்?" என்றார் அண்ணன்காரர்.

பழைய நோட்டை எடுத்து, அடையாளம் வைத்திருந்த பக்கத்தைத் திறந்து, வாசித்தேன். டீக்கடையில் மாமா சொன்னது. அப்பாவின் மணிக்கட்டு. "பாத்தீகளாப்பா?" பிறகு வந்த மூன்று வரன்கள். வாசித்து முடிக்கப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. குரல் எங்கும் உடையவில்லை. "இது அந்தப் பெரியவர் செஞ்சது. இது ரத்தத்துல வர்றது இல்ல. அவர் யோசிச்சுச் செஞ்சது. அந்தப் பெண் மேலே இதுல ஒரு சொட்டுக்கூட இல்ல. நான் அவளுக்கு டீச்சர், பொறுப்போட சொல்றேன். தாராளமாச் செய்யுங்க."

அந்த அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தார். அண்ணன்காரர் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விசாரிக்க வந்தவனுக்கு டீ வாங்கிக் குடுத்துக் கெடுத்தாரா?" என்று கேட்டார். அவரை உறுத்தியது அந்த டீ. "சரி டீச்சர். பொண்ண எடுக்குறோம். தட்டு யார் கையில மாத்துறதுன்னு நாங்க பாத்துக்கிறோம்."

நான் அதைக் கேட்டு வாங்கவில்லை. வேண்டாம் என்று தடுக்கவும் இல்லை.

பன்னிரண்டு நாள் கழித்து மேலூரிலேயே ஒரு மண்டபத்தில் நிச்சயதார்த்தம். அந்தப் பெண்ணே தொலைபேசியில் அழைத்தாள். எப்போதும்போல் டீச்சர் என்று தொடங்கி, பாதியில், "பெரியம்மா, கட்டாயம் வரணும்" என்றாள். முறைப்படி அவள் என்னை அப்படித்தான் கூப்பிட வேண்டும். தகப்பனுக்கு முறைப்பெண்ணாக இருந்தவள் மகளுக்குப் பெரியம்மா. இருபத்து நான்கு வருடத்தில் முதல் தடவை அந்த வீட்டிலிருந்து ஒருவர் என்னை முறை சொல்லிக் கூப்பிட்டார்.

போனேன். மேடைக்கு நேரே மூன்றாவது வரிசையில் இடம் பிடித்தேன். பெண் வீட்டின் மூத்தவர்தான் தட்டு மாற்ற வேண்டும். மாமா புது வேட்டி கட்டி, தோளில் துண்டு போட்டு, மகனுடைய கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து முன்னால் வந்தார். இரண்டு கையையும் நீட்டினார்.

மாப்பிள்ளையின் மாமன், என் வீட்டில் வந்து உட்கார்ந்த அந்த அண்ணன்காரர், தட்டைக் கொடுக்கவில்லை. மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, சபைக்குக் கேட்கும்படி சொன்னார்.

"பெரியவர் உக்காரட்டும். அவருக்கு எதுக்கு சிரமம்? பொண்ணோட அம்மா பக்கம் மாமன் இருக்காருல்ல, அவரே வாங்கட்டும்."

மரியாதையான பேச்சுத்தான். ஆனால் எங்கள் சபைகளில் உட்கார்ந்து பழகிய யாருக்கும் அதன் பொருளை விளக்க வேண்டாம். "என்னாச்சுப்பா?" என்று பின்னால் ஒருவர் கேட்க, "விசாரிச்ச எடத்துல ஏதோ" என்றார் இன்னொருவர். மாமாவின் இரண்டு கைகளும் கொஞ்ச நேரம் அப்படியே நீண்டு இருந்தன. பிறகு துண்டைச் சரிசெய்வதுபோல் அவற்றை எடுத்துக்கொண்டார். போய் உட்கார்ந்தார். மணி பத்து நாற்பத்திரண்டு.

எனக்கு இனித்தது. இதை எழுதும்போது வேறு மாதிரி எழுத விருப்பமில்லை. கூட்டத்தின் முன்னால் அப்பாவின் கை கிழிந்த இடத்துக்கும், கூட்டத்தின் முன்னால் மாமாவின் கை வெறுமையாக நின்ற இடத்துக்கும் இடையில் ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. பந்தியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சாப்பிட்டேன். பாயசம் இரண்டு தடவை.

கை கழுவும் இடத்தில் மாமா நின்றுகொண்டிருந்தார். எனக்காகத்தான் நின்றார். குழாயை அவரே திறந்துவிட்டார். பக்கத்தில் யாரும் இல்லை.

"தட்டு வெசயம் நீ சொல்லிச் செஞ்சதா?"

"இல்ல. ஆனா தெரியும்."

தலையாட்டினார். அவர் முகத்தில் நான் தேடியது இல்லை. நொறுங்கிப் போயிருப்பார் என்று நினைத்தேன். அவரோ, சந்தையில் நல்ல மாட்டைப் பார்க்கிறவர் மாதிரி என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"இருவத்தி நாலு வருசம் வச்சிருந்து, நேரம் பாத்து, புள்ள மேல ஒரு கீறல் விழாம, என் ஒருத்தனுக்கு மட்டும் வச்ச பாரு. ஒங்கப்பனுக்கு இது வருமா? அந்த மனுசன் கண்ணாடிய ஒடச்சுட்டுப் போயிருவான்." வாயைத் துடைத்துக்கொண்டார். "அன்னைக்கு டீக்கடையில நான் சொன்னது தப்புத்தாத்தா. நீ ஒங்கப்பன் ரத்தம் இல்ல. நீ என்னய மாதிரி."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

தப்பு என்று அவர் வாயால் கேட்க இருபத்து நான்கு வருடம் ஆசைப்பட்டேன். கேட்டுவிட்டேன். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நான் கையை எடுக்கவில்லை. அவருக்குச் சொல்லப் பதில் என்னிடம் இருந்தது: குணத்துக்கு ஒரு மரபணு கிடையாது, மாமனைப் பார்த்து மருமகளைச் சொல்ல முடியாது. ஒவ்வொரு வருடமும் ஒரு வகுப்பு ஒதுக்கிச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். அவர் பின்னாலேயே ஓடிப்போய் அதைச் சொல்லத் தோன்றியது. சொல்வதற்கு முன் இன்னும் இருபது வருடம் வைத்திருக்கலாமா என்றும் தோன்றியது. அந்த இரண்டாவது நினைப்பு வந்ததும் குழாயை மூடினேன்.

மேலூர் பஸ் ஸ்டாண்டில் பத்து ரூபாய்க்கு வறுத்த கடலை வாங்கினேன். எத்தனையோ வருடமாக நான் கடலை வாங்கியதில்லை. மாட்டுத்தாவணி போகும் பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் தேய்த்து, தொலியை வெளியே ஊதித் தின்றேன். அப்பாவுக்குப் பத்து நிமிடத்தில் போய்விடும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். பத்து நிமிடம் ஆனது, பிறகு இருபது. பொட்டலம் காலியானது. கை நீட்டிக்கொண்டு நின்ற மாமாவை நினைத்தேன், இன்னும் இனித்தது. டீக்கடை நாற்காலியை நினைத்தேன், இன்னும் எரிந்தது.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் மையில் எழுதினேன். அவர் கடைசியாகச் சொன்ன இரண்டு வாக்கியங்களையும் சேர்த்து. ஓரத்தில் பென்சிலால் என்ன எழுதுவது என்று யோசித்து, ஒன்றும் எழுதவில்லை. இன்றோடு நாற்பத்தோரு நாள் ஆகிறது. பென்சில் சீவித்தான் வைத்திருக்கிறேன்.